மாரத்தான் பயிற்சியில் கணைக்கால் வலி: ஓடலாமா, நிறுத்தலாமா?

மாரத்தானுக்குப் புதிதாகப் பயிற்சி எடுப்பவர்கள் என்னிடம் மூச்சு வாங்குவதைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. "முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் விண்விண்ணென்று வலிக்கிறது, ஓடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் நான் செய்யச் சொல்வது இது: கணுக்காலுக்கு மேலிருந்து முழங்கால் நோக்கி, எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள்.

5 செ.மீ. அல்லது அதற்கு மேல் பரவலாக வலித்தால், பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது ஓட்டச் சுமையால் கணைக்கால் எலும்பின் ஓரமாக வரும் வலி. வீட்டிலேயே சமாளிக்கலாம். விரல் நுனி அளவு ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால், நடக்கும்போதும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால் கதை வேறு. அது எலும்பில் விழும் நுண்ணிய விரிசலாக, அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக இருக்கலாம். ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐயில் தெரியும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் மறுநாளே ஷூவை மாட்டிவிடாதீர்கள். ஓட ஓடக் கால் இறுகிப் பாதம் மரத்துப்போனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம் என்பதால், அன்றே போய்விடுங்கள்.

சரி, பரவலான வலிதான் என்று வைத்துக்கொள்வோம். இது ஏன் வருகிறது? சுமை கூடும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். அதற்கு மாதக்கணக்காகும். மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். "இப்போதுதான் நன்றாக ஓட வருகிறது" என்று தூரத்தைக் கூட்டும் நேரத்தில் எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. அதனால் கடந்த நான்கு வாரக் கணக்கை எடுத்துப் பாருங்கள். தூரம், வேகம், மேடு, தரை, ஷூ, இவற்றில் எது மாறியது? அநேகமாக இரண்டு சேர்ந்தே மாறியிருக்கும். எடையைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டையும் குறைத்திருந்தால் எலும்பு கட்டுவதற்குச் சரக்கே இருக்காது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதற்கான எச்சரிக்கை. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முழு ஓய்வு எல்லோருக்கும் தேவைப்படாது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். ஓடும்போது 2-க்குள் இருந்து, மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடிகளில் அது கூடாமல் இருந்தால், குறைந்த தூரத்தில் தொடரலாம். கூடியிருந்தால், அல்லது ஓடும்போது நொண்டினால், ஓட்டம் வேண்டாம். அந்த நாட்களில் சைக்கிள், நீச்சல், ஆழமான தண்ணீரில் ஓடுவது எதுவானாலும் சரி. ஓட்டத்துக்கான தெம்பு பெரிதாகக் குறையாது. ஐஸைத் துணியில் சுற்றி 10-15 நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. வலி சொல்லும் எச்சரிக்கையை அது மறைத்துவிடும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்கும் கேடு.

என்னைக் கேட்டால், ஃபோம் ரோலரில், அதாவது தசையை நீவும் உருளையில், உருட்டும் நேரத்தை ஆடுசதையை வலுவாக்கச் செலவிடலாம். குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை முழங்கால் நேராக ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் செய்யுங்கள். மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் அதிகச் சுமை தாங்கும், ஆடுசதையின் அடியில் இருக்கும் தசைக்கு வேலை கொடுப்பதே அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள், 12-15 முறை வீதம் மூன்று சுற்று. இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். அதுவும் சுலபமானால் முதுகில் கனமான பையை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஷூ 500-800 கி.மீ. ஓடியிருந்தால் மாற்றிப் பார்க்கலாம். காலை வெகுதூரம் முன்னால் நீட்டி வைப்பவரா? ஒரு நிமிடத்தில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 160 என்றால், வேகத்தைக் கூட்டாமல் 168 ஆக்கப் பாருங்கள். அடி சிறிதாகும், எலும்பில் விழும் சுமையும் குறையும்.

திரும்ப ஓடத் தொடங்கும் முன், அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தாலும் வலிக்கக் கூடாது. அப்புறம் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் தூரம் கூடட்டும். வேகமும் மேடும் கடைசியில். விட்டுப்போன நீண்ட ஓட்டங்களைச் சேர்த்து ஈடுகட்ட நினைக்காதீர்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது 10 கி.மீ.யைக்கூட வலியில்லாமல் முடிக்க முடியவில்லை என்றால், இந்த முறை 42.195 கி.மீ. வேண்டாம். பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள்.