கார்பன் டை ஆக்சைடும் சிலிக்கேட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்பை மாற்றிக்கொள்வதை அளப்பது எப்படி

ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்தான் ஐசோடோப்புகள். கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் சிலிக்கேட்டையும் (சிலிக்கானும் ஆக்சிஜனும் உள்ள கனிமம்) சேர்த்துச் சூடாக்கினால், இரண்டும் இந்த ஆக்சிஜன் அணுக்களை மாற்றிக்கொள்ளும். அதை அளக்க, முதலில் சூடாக்கும் கலனைக் கவனியுங்கள். பலரும் சிலிக்கா குழாயில் கனிமப் பொடியையும் வாயுவையும் அடைத்துச் சூடாக்கப் பார்ப்பார்கள், ஆனால் அந்தக் குழாயே சிலிக்கா என்பதால் அதுவும் தன் ஆக்சிஜனை வாயுவோடு மாற்றிக்கொள்ளும், அளவு கெட்டுவிடும். பிளாட்டினம் உறை போடுங்கள்.

கனிமத்தை நன்றாகப் பொடியாக்குங்கள். ஆக்சிஜன் திடப்பொருளுக்குள் ஊடுருவுவது மிக மெதுவாகத்தான் நடக்கும், துகள் பெரிதாக இருந்தால் மேற்பரப்பு மட்டும் மாறி உள்பகுதி அப்படியே நிற்கும். அப்புறம் பொடியை வெற்றிடத்தில் சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள், நீரில் இருக்கும் ஆக்சிஜனும் கணக்கில் கலந்துவிடும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: இரண்டு உறைகள் வையுங்கள். ஒன்றில் சமநிலையில் (மாற்றம் முடிந்து அளவு நிலைத்த நிலையில்) எதிர்பார்ப்பதைவிட ஆக்சிஜன்-18, அதாவது கனமான ஐசோடோப்பு, அதிகமுள்ள வாயு, மற்றதில் குறைவானது. இரண்டும் ஒரே மதிப்பில் வந்து சேர்ந்தால்தான் சமநிலை வந்துவிட்டது என்று நம்பலாம். ஒரே பக்கத்திலிருந்து போய், மதிப்பு நகராமல் நின்றதை வைத்து முடிவு கட்டாதீர்கள், வினை வெறுமனே மந்தமாகியிருக்கலாம்.

வெப்பநிலை? சிலிக்கா கண்ணாடிக்கு 550 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள். வாயுதான் கனமான பக்கம், அதில்தான் ஆக்சிஜன்-18 கூடுதல்: வெப்பநிலை ஏற ஏற வித்தியாசம் ஆயிரத்துக்குச் சுமார் 4 பங்கிலிருந்து 2 பங்காகக் குறைகிறது.

முடிந்ததும் உறையைச் சட்டென்று குளிரவையுங்கள், மெதுவாக ஆறவிட்டால் இடைப்பட்ட வெப்பநிலைகளிலும் மாற்றம் தொடரும். வாயுவைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பிடித்து நிறை நிறமாலைமானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) கொடுங்கள். கனிமத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க புரோமின் பென்டாபுளோரைடு வேண்டும். அது நஞ்சு, தண்ணீர் பட்டால் வெடிக்கும். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.