சேலத்தில் வீட்டு ரிப்பேருக்கு நம்பகமான மேஸ்திரியைப் பிடிப்பது எப்படி?

மொட்டை மாடி ஒழுகுகிறது, பாத்ரூம் டைல்ஸை மாற்ற வேண்டும், பழைய ஒயரிங்கைப் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும். இப்படி ஒரு வேலை வந்ததும் "நல்ல மேஸ்திரி இருந்தா சொல்லுங்க" என்று பத்துப் பேரிடம் கேட்போம். பத்துப் பேரும் பெயர் சொல்வார்கள். அந்த ஆள் அவர்கள் வீட்டில் பெயிண்ட் அடித்திருப்பார், நமக்கு வேண்டியதோ வாட்டர் புரூஃபிங்காக இருக்கும். அதனால் ஆளைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

படி 1: என்ன வேலை என்று எழுதுங்கள்

எந்த அறை, என்ன அளவு, என்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள். ஒழுகல் என்றால் எப்போது ஈரம் தெரிகிறது என்று கவனியுங்கள். மழைக்கு மட்டும் என்றால் மாடியைப் பார்க்கலாம். சித்திரை வெயிலிலும் சுவர் நனைந்திருந்தால் பெரும்பாலும் பைப் கசிவுதான். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். இது தெரியாமல் மாடி முழுக்கக் கோட்டிங் அடித்துவிட்டு, அப்புறமும் ஈரம் போகவில்லை என்று புலம்பும் வீடுகள் நிறைய.

படி 2: மூன்று பெயராவது சேருங்கள்

அக்கம்பக்கத்தில் வேலை நடக்கும் வீடுகளில் விசாரியுங்கள். சிமென்ட் கடை, ஹார்டுவேர் கடையிலும் கேட்கலாம். ஆனால் "யார் நல்லா வேலை செய்வாங்க?" என்று கேட்காதீர்கள். "யார் பாக்கி வைக்காம கணக்கு முடிக்கிறாங்க?" என்று கேளுங்கள். கடையில் பழைய பாக்கி உள்ளவர், உங்கள் அட்வான்ஸை வாங்கி அதைத்தான் முதலில் அடைப்பார். கடைக்காரருக்கும் கமிஷன் இருக்கலாம் என்பதால் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், சான்றிதழ் வேண்டாம்.

ஒயரிங் வேலைக்கு மட்டும் ஒரு கூடுதல் கேள்வி: தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் இருக்கிறதா? இருப்பவர் தயங்காமல் காட்டுவார்.

படி 3: பழைய வேலையை நேரில் பாருங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படியையும் விட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். போன வாரம் முடித்த வேலையைக் காட்டினால் போதாது, அது பளபளவென்றுதான் இருக்கும். ஒரு ஐப்பசி மழையாவது பார்த்த வேலையைக் கேளுங்கள். அஸ்தம்பட்டியில் ஒரு வீடு, கொண்டலாம்பட்டியில் ஒரு வீடு என்று இரண்டு இடம் பார்த்தாலே ஆள் யார் என்று புரிந்துவிடும்.

மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைப் பாருங்கள். விரிசல் அங்கேதான் முதலில் விடும். பாத்ரூமில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் நிற்கிறதா என்று பாருங்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். டொக்கு டொக்கென்று சத்தம் வந்தால் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை. மாடி பாத்ரூம் என்றால் அதற்குக் கீழே உள்ள அறையின் கூரையையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு, மேஸ்திரி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி. பேசிய தொகைக்கு மேல் எவ்வளவு ஆனது, எதற்காக? கடைசியில் மிச்சமிருந்த சின்னச் சின்ன வேலைகளுக்கு எத்தனை தடவை போன் செய்ய வேண்டியிருந்தது? "நல்ல மனுஷன்தாங்க, ஆனா..." என்று அவர் இழுத்தால், அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதைக் கவனமாகக் கேளுங்கள்.

படி 4: கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள்

"மொத்தம் ஒரு லட்சம் ஆகும் சார்" என்பது கொட்டேஷன் ஆகாது. லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா? சதுர அடிக்கு என்ன ரேட், எதை அளந்து அந்தக் கணக்கு? பெயிண்ட் என்றால் சுவரை அளக்கிறாரா தரையை அளக்கிறாரா என்பதிலேயே தொகை தலைகீழாக மாறிவிடும். எந்த பிராண்ட், எத்தனை கோட்டிங், மாடித் தளத்தில் பதித்த பழைய தட்டு ஓடுகளை உடைத்து எடுப்பாரா அவற்றின் மேலேயே அடிப்பாரா, இடிபாட்டை அள்ளிக்கொண்டு போவது யார், ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பூச்சு வேலைக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். சேலத்து வெயிலில் அதை விட்டால் வெடிப்பு நிச்சயம், அதனால் ஊற்றப்போவது யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிக்கும் தேதி குறிக்கும்போது கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, பொங்கல் எல்லாம் நடுவில் வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். அந்த நாட்களில் ஆள் வருவார்கள் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வீடு ஏற்காட்டில் இருந்தால், மெட்டீரியலை மேலே ஏற்றும் வண்டி வாடகை ரேட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பனியில் பூச்சும் பெயிண்டும் காய நாளாகும். புதிதாக அறை எடுத்துக் கட்டுவதென்றால், மலைப்பகுதி என்பதால் அனுமதி விதிகள் கூடுதல். அதை விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

படி 5: பணம் வேலைக்குப் பின்னாலேயே போகட்டும்

ஒரு லட்ச ரூபாய் மாடி வேலை என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 10,000. பழைய ஓடுகளை உடைத்துச் சுத்தம் செய்ததும் 20,000. வாட்டர் புரூஃபிங் அடித்துக் காய்ந்தபின், தண்ணீர் இறங்கும் குழாயை அடைத்து, ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரியவில்லை என்றால் 30,000. ஓடு ஒட்டி முடித்ததும் 30,000. மீதி 10,000 ஒரு நல்ல மழைக்குப் பிறகு. இதை முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள், பாதியில் சொன்னால் சண்டைதான் வரும்.

சனிக்கிழமை சாயந்திரம் "ஆளுங்களுக்குச் சம்பளம் போடணும் சார், ஒரு இருபதாயிரம் கொடுங்க" என்று கேட்பார்கள். உண்மையாகவே சம்பள நாள் அது, குறை சொல்ல முடியாது. அந்த வாரம் நடந்த வேலைக்கு உட்பட்டுக் கொடுங்கள், அதை அடுத்த கட்டத்துக்குத் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். நடுவில் கூடுதல் வேலை வந்தால் ரேட்டை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகே சரி சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாம் அங்கே தேவைப்படும்.