சிறிய நகரத்தின் நடைபாதைகளைப் பராமரிப்பது எப்படி: கணக்கெடுப்பு முதல் கான்கிரீட் வரை

சிறிய நகரங்களின் பொதுப்பணிப் பிரிவில் பெரும்பாலும் ஆட்கள் குறைவு. சாலைக் குழியை அடைப்பவர்களே வடிகாலையும் தூர்வார வேண்டும், விழுந்த மரத்தையும் அகற்ற வேண்டும். நடைபாதைக்கென்று மிஞ்சும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களை எங்கே, எந்த வரிசையில் செலவிடுவது என்பதற்கான செய்முறை இது.

படி 1: நகரத்தைத் துண்டு போடுங்கள்

ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை ஒரு துண்டு. தெருவின் இரண்டு பக்கமும் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: 14-ஆம் தெரு, வடக்குப் பக்கம், 3-ஆவது துண்டு என்றால் 14-வ-3. வீட்டு எண்ணை வைத்துக் குறிக்க வேண்டாம். காலிமனை வந்தால் குழம்பும், மனை பிரிந்தால் எண்ணே மாறிவிடும்.

நகரத்தை ஐந்து பகுதிகளாக்கி ஆண்டுக்கு ஒன்றாகப் பார்த்து முடிக்கலாம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள துண்டுகளை மட்டும் ஆண்டுதோறும் பாருங்கள். தொடக்கத்தில் வரைபட மென்பொருள் எதுவும் தேவையில்லை. கணினியில் ஓர் அட்டவணை போதும்.

படி 2: நடந்து அளந்து எழுதுங்கள்

இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத. கையில் டேப், 60 செ.மீ. ரசமட்டம், சிறிய அளவுகோல், சிறு சுத்தியல், ஸ்ப்ரே பெயின்ட், கேமரா உள்ள போன். மழை விட்ட மறுநாள் காலை போனால் தண்ணீர் தேங்கும் இடங்கள் தாமாகவே கண்ணில் படும்.

முதலில் பார்க்க வேண்டியது அடுத்தடுத்த சிலாப்புகளின் உயர வித்தியாசம். 6 மி.மீ. வரை விட்டுவிடலாம். 6 முதல் 13 மி.மீ. வரை என்றால் விளிம்பைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். 13 மி.மீ.க்கு மேல் போனால் கால் இடறும் இடம் என்று பெயின்ட் அடித்துக் குறியுங்கள். இவை அமெரிக்க மாற்றுத்திறனாளி அணுகல் விதிகளில் உள்ள வரம்புகள். உங்கள் நாட்டு விதியில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குறுக்குச் சாய்வு. தண்ணீர் வடியச் சாய்வு வேண்டும். 2 சதவீதத்தைத் தாண்டினால் சக்கர நாற்காலி சாலைப் பக்கம் இழுக்கும். ரசமட்டத்தை நடைபாதையின் குறுக்கே வையுங்கள். தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கி, அடியில் உள்ள இடைவெளியை அளங்கள். 60 செ.மீ. மட்டத்துக்கு 12 மி.மீ. என்றால் சரியாக 2 சதவீதம். அதற்கு மேல் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

மயிரிழை விரிசல்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். புதியவர்கள் பாதி நாளை இதிலேயே தொலைத்துவிடுவார்கள். விரிசலின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் அடுத்த சிலாப்புக்கு நகருங்கள்.

காரணம் என்று ஒரு பத்தி

அட்டவணையில் மிக முக்கியமான பத்தி இதுதான், காலியாக விடப்படுவதும் இதுதான். ஓரெழுத்துக் குறிகள் போதும்.

வே (வேர்): மரத்தருகே இரண்டு சிலாப்புகள் இணையும் இடம் கூரை முகடு போல எழும்பியிருக்கும்.

தோ (தோண்டியது): நடைபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பட்டையாக இறங்கியிருக்கும். அதே நேர்கோட்டில் சாலையிலும் தார் ஒட்டுப் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், யாரோ குழாய் பதித்துவிட்டு மண்ணைச் சரியாகத் திமிசு போடாமல் மூடியிருக்கிறார்கள்.

நீ (நீர்): மூலை தாழ்ந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கிற ஓசை கேட்கும். சுற்றிப் பாருங்கள், கூரைத் தண்ணீர்க் குழாய் நடைபாதையின் ஓரத்தில் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

வ (வண்டி): வாயில் எதிரே பல துண்டுகளாக நொறுங்கியிருக்கும். ஆட்கள் நடப்பதற்கென்று மெல்லியதாகப் போட்ட சிலாப்பின் மேல் லாரி ஏறியிருக்கிறது.

படி 3: எது முதலில்?

ஆபத்துக்கு 1 முதல் 3 வரை ஒரு மதிப்பெண், இடத்தின் முக்கியத்துவத்துக்கு 1 முதல் 3 வரை இன்னொன்று. இரண்டையும் பெருக்குங்கள். 9 வந்தால் அன்றே கூம்பு வைத்து, தார்க் கலவையால் தற்காலிகச் சரிவு போட்டுவிட வேண்டும். இதைவிடச் சிக்கலான சூத்திரம் சிறிய நகரத்துக்குத் தேவையில்லை.

புகார்ப் பதிவேடு தனியாக இருக்கட்டும்: புகார் வந்த தேதி, நேரம், யார் போனார், என்ன அளவு, முன்னும் பின்னும் படம், முடித்த தேதி. யாராவது விழுந்து வழக்குத் தொடுத்தால் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் புகார் எண்ணிக்கையை வைத்து மட்டும் வரிசையை மாற்றாதீர்கள். மிக மோசமான தெருவிலிருந்து புகாரே வராமல் இருக்கலாம். நடக்கச் சிரமப்படுபவர்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டிருப்பார்கள்.

படி 4: எந்த வேலை பொருந்தும்?

மலிவானது தேய்ப்பு. சரிவு 1:12 இருக்க வேண்டும், அதாவது 20 மி.மீ. படியைக் கரைக்க 240 மி.மீ. நீளத்துக்குத் தேய்க்க வேண்டும். பரப்பை வழவழப்பாக விடாதீர்கள், மழையில் வழுக்கும். தேய்க்கும் தூசியில் சிலிக்கா உண்டு. நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தண்ணீர் விட்டோ தூசி உறிஞ்சியோடோதான் தேய்க்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி போதாது.

சிலாப் முழுசாக இருந்து, அடிமண் மட்டும் இறங்கியிருந்தால் துளையிட்டுச் சிமென்ட் குழம்போ விரியும் நுரையோ செலுத்தித் தூக்கலாம். பேவர் பிளாக் என்றால் இன்னும் எளிது: கழற்றி, அடித்தளத்தை இறுக்கி, 25 முதல் 40 மி.மீ. மணல் விரித்து அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். ஓரக்கல் நகர்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கல் மறுபடி பரவும்.

வேர் விஷயத்தில் கோடரியை எடுக்காதீர்கள். சிலாப்பின் அடியில் ஈரமும் காற்றும் இருப்பதால் வேர் அங்கே தேடி வருகிறது. வெட்டினாலும் திரும்ப வரும். தண்டுக்கு அருகே பெரிய வேரை வெட்டினால் புயலில் மரம் சாயும். மரக்குழியைப் பெரிதாக்குங்கள், இடம் இருந்தால் பாதையை வளைத்துப் போடுங்கள், அல்லது வேரின் மேலாக மெல்ல ஏறி இறங்கும்படி போடுங்கள்.

படி 5: புதிய சிலாப்

1.5 மீ. × 1.5 மீ. சிலாப், கனம் (தடிமன்) 100 மி.மீ. என்றால் 0.225 கனமீட்டர் கான்கிரீட். சேதாரம் சேர்த்து 0.25 வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறும் வாயிலில் கனம் 150 மி.மீ.

பழைய சிலாப்பை இணைப்புக் கோட்டிலேயே முழு ஆழத்துக்கு அறுத்து எடுங்கள். 100 மி.மீ. ஜல்லி போட்டு இறுக்கி, லேசாக ஈரப்படுத்துங்கள். ஓரப் பலகையைக் கட்டும்போதே சாய்வைக் கொண்டுவந்துவிட வேண்டும்: 1.5 மீ. அகலத்துக்கு 2 சதவீதம் என்றால் 30 மி.மீ. ஆனால் எல்லையிலேயே கட்டினால் சிறு பிசகும் தாண்டிவிடும், 22 மி.மீ. வையுங்கள். சுவர், கம்பம், மேன்ஹோல் ஆகியவற்றை ஒட்டி கான்கிரீட் விரிய இடம் தரும் 12 மி.மீ. நிரப்புப் பட்டை வேண்டும்.

ஊற்றி, மட்டக்கட்டையால் இழுத்தபின் காத்திருங்கள். மேலே கசிந்து நிற்கும் தண்ணீர் மறையும்வரை கரண்டி படக்கூடாது. அவசரப்பட்டு அந்த ஈரத்தின் மேல் வறண்ட சிமென்ட் தூவித் தேய்ப்பதுண்டு. அப்படித் தேய்த்த பரப்புதான் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். இளக வேண்டுமென்று கலவையில் கூடுதல் தண்ணீர் விடுவதும் இதே வகைத் தவறு.

இணைப்புக் கோடு கனத்தில் கால் பங்கு, அதாவது 25 மி.மீ. ஆழம், 1.5 மீட்டருக்கு ஒன்று. வழுக்காமல் இருக்க விளக்குமாற்றால் இழுக்கும் கோடுகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே. பிறகு நனைத்த கோணி போட்டு 7 நாள் ஈரமாக வைத்திருங்கள். ஓரிரு நாளில் ஆட்கள் நடக்கலாம், வண்டிக்கு ஒரு வாரமாவது வேண்டும். உறைபனி விழும் ஊர் என்றால் நுண்காற்றுக் குமிழிகள் சேர்த்த கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

தெருமுனைச் சிலாப்பை எடுக்க நேர்ந்தால் அதோடு சரிவுப் பாதையையும் போட்டுவிடுங்கள், 1:12-ஐத் தாண்டாமல். அது சாலையைத் தொடும் கீழ்முனையில் புடைப்புப் புள்ளிகள் உள்ள கல் வேண்டும். 1965-இல் ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கிய கல் அது. 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதிக்கப்பட்டது. பார்வையற்றவருக்குச் சாலை தொடங்குகிறது என்று காலில் சொல்வதற்காக உள்ளதால், அலங்காரத்துக்கு வேறெங்கும் பதிக்காதீர்கள்.

படி 6: மற்றவர்கள் தோண்டும்போது

குழாய், கேபிள் பதிப்பவர்களுக்கு அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனைகளை எழுதுங்கள்: பாதி சிலாப் ஒட்டு கூடாது, முழுச் சிலாப் மாற்ற வேண்டும்; மண்ணை 150 மி.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். வைப்புத்தொகை ஓராண்டு கழித்து நேரில் பார்த்த பின்னரே திரும்பக் கிடைக்கும். மண் இறங்குவது முதல் மழைக்காலத்துக்குப் பிறகுதான் தெரியும் என்பதால் இந்த ஓராண்டைக் குறைத்துவிடாதீர்கள்.

கான்கிரீட் ஊற்றிய அன்றே அந்தத் துண்டின் வரிசையில் தேதி, கனம், காரணக் குறி மூன்றையும் ஏற்றிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து 14-வ-3-இல் மறுபடியும் ‘நீ’ என்று எழுத வேண்டிவந்தால், சிலாப்பைத் தொடாமல் முதலில் கொட்டும் குழாயைத் தேடுங்கள்.