கடவுளும் தீமையும்: மேடையேறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விவாதப் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிட்டால் போய்விடுவேன். 'இவ்வளவு தீமை உள்ள உலகில் கடவுள் இருக்க முடியுமா?' என்ற தலைப்பு பாளையங்கோட்டையில் வருஷம் தவறாமல் ஏதாவதொரு அரங்கில் வரும். இங்கே அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தேவாரம் பாடும் வீட்டுப் பிள்ளை, சபைப் பிள்ளை, மேலப்பாளையத்து முஸ்லிம் பையன், பெரியாரைப் படித்தவள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பேசுகிறவர்கள் மாறினாலும், நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நேரத்தைத் தாண்டுவது, எதிரணியைக் கேலி செய்வது போன்றவற்றை வாத்தியார்களே சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எப்பிகூரஸ் பெயரை வீசுவது

'தீமையைத் தடுக்கக் கடவுள் நினைத்தும் முடியவில்லையா, முடிந்தும் மனமில்லையா?' என்ற கேள்வியை, பழைய கிரேக்கத் தத்துவஞானியான எப்பிகூரஸே எழுதிய பிரதி எதுவும் நம் கைக்கு வரவில்லை. 4-ம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் அவர் பெயரில் சொன்னது அது. 1779-ல் வெளியான தத்துவஞானி டேவிட் ஹியூமின் உரையாடல் நூலில் மறுபடி வந்தது. கேள்வியைக் கேளுங்கள், பெயரை விடுங்கள்.

லிஸ்பன் நிலநடுக்கம், 1755

பேரிடருக்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், தாமிரபரணி பக்கத்திலேயே ஓடுகிறது.

காரணம் சொல்லக் கிளம்புவது

2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் ஒரு போட்டி. கடவுள் பக்கம் பேசிய பையனுக்கு நல்ல குரல், நல்ல தமிழ். பாதி வரை பிசகில்லை. அப்புறம், "அந்த வெள்ளம் கடவுள் நமக்கு நடத்திய பாடம். சாதி மதம் பார்க்காமல் ஒருவருக்கொருவர் சோறு பொங்கிக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம்" என்றான். கைதட்டல்.

எதிரணிப் பெண் எழுந்தாள். "காயல்பட்டினத்தில ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. 40 சென்டிமீட்டர்ல அந்தப் பாடம் மண்டையில ஏறாதா அண்ணே?"

அரங்கமே சிரித்தது. பையன் முழித்துவிட்டு, "அது கடவுளுக்குத்தான் தெரியும்" என்றான். போட்டி அங்கேயே முடிந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஏரலில் இருந்து வந்திருந்த ஒருவர், வெளியே டீ குடிக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கடைக்குள்ள நெஞ்சு மட்டும் தண்ணி நின்னுச்சு சார். யாருக்கு எடுத்த பாடம் அது?" நடுவர் என்பதற்காக இதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பையன் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தலைப்பு கேட்டது 'இருக்க முடியுமா' என்றுதான். தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1955-ல் வைத்த வாதம் இந்த வகை: கடவுள் எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், தீமையும் உண்டு, மூன்றும் சேர்ந்து நிற்க முடியாது. முடியாது என்று சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும். மறுக்கிறவர், மூன்றும் சேர்ந்து நிற்க ஒரு வழி இருக்கலாம் என்று காட்டினாலே போதும். கடவுள் பக்கம் நின்ற தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1974-ல் அதோடு நிறுத்திக்கொண்டார். மனிதனுக்கு உண்மையான சுதந்திரத்தையும் கொடுத்து, அவன் ஒருபோதும் தப்பே செய்யாதபடியும் பார்த்துக்கொள்வது எல்லாம் வல்லவருக்கும் முடியாத காரியமாக இருக்கலாம் என்றார். இயற்கைப் பேரிடருக்கு? மனிதரல்லாத ஆவிகளின் வேலையாக இருக்கலாம் என்றார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நடந்தது அதுதான் என்று அவர் சாதிக்கவில்லை. முரண்பாடு என்ற குற்றச்சாட்டைத் தள்ள அந்த 'இருக்கலாம்' போதும்.

நம் பையன் 'இருக்கலாம்' என்பதை விட்டு 'இதுதான் காரணம்' என்பதற்குத் தாவினான். காரணம் சொன்னால் உடனே அளவு கேட்பார்கள். இன்னொரு தத்துவவாதி வில்லியம் ரோ 1979-ல் கேட்டதும் இந்த மாதிரிதான். ஆளில்லாத காட்டில் தீயில் வெந்த மான்குட்டி ஒன்று நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. அதனால் யாருக்கு என்ன நன்மை? கடவுளும் தீமையும் முரண் என்று அவர் சொல்லவில்லை, இதையெல்லாம் பார்த்தால் கடவுளை நம்ப நியாயம் குறைகிறது என்றார். 40 சென்டிமீட்டர் கேட்ட பெண் ரோவைப் படித்திருக்க மாட்டாள், ஆனால் கை வைத்தது அதே இடத்தில். அதற்குப் பதில் சொல்வது பெரிய வேலை, எட்டு நிமிடத்தில் ஆகாது. தலைப்பு கேட்காத அந்த வேலையைத் தானே இழுத்துப்போட்டுக்கொண்டு தோற்றான்.

எதிரணியும் இதைத் தலைகீழாகச் செய்யும். துயரங்களை அடுக்கினால் முரண்பாடு வந்துவிடாது. 'நல்லவர் தம்மால் முடிந்த தீமையை எல்லாம் ஒழித்தே தீருவார்' என்ற படியையும் சேர்த்து, அது ஏன் உண்மை என்று வாதாட வேண்டும். நான் உட்கார்ந்த போட்டிகளில் அதைத் தொட்டவர்கள் அபூர்வம்.

எல்லாவற்றுக்கும் மனித சுதந்திரம்

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்தது; தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2023-ல் அதே ஆறு மழையால் ஊருக்குள் வந்தது. முன்னதற்கு 'மனித சுதந்திரத்தால் வந்த தீமை' என்ற பதில் செல்லும். பின்னதில், குளமும் வாய்க்காலும் ஆக்கிரமிக்கப்பட்ட அளவுக்குக் கொஞ்சம் செல்லலாம். மழைக்குச் செல்லாது.

சைவரிடம் 'ஏன் படைத்தார்?' என்பது

சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் மலம்) மூன்றும் அநாதி, தொடக்கமில்லாதவை. ஆணவ மலத்தை இறைவன் உண்டாக்கவே இல்லை. விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர் 18-ம் நூற்றாண்டில் சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதிவிட்டுப் போன சீமை இது, அந்தக் கேள்வி இங்கே எடுபடாது. மலத்தை நீக்க வல்லவன் ஏன் இத்தனை பிறவி காக்க வைக்கிறான் என்று கேளுங்கள். மலபரிபாகம், அதாவது மலம் நீங்கும் பக்குவம் வர வேண்டும் என்பார்கள். அங்கிருந்து பிடியுங்கள்.

புறநானூற்றைப் பாதியில் நிறுத்துவது

194-ம் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. 'படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்' (இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன்) என்று முழங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உலகம் துன்பமானதுதான், அதன் இயல்பை அறிந்தவர்கள் இனியதைக் காணுங்கள் என்று 'இனிய காண்க' என வரும் கடைசி அடிகள் எதிரணிக்குப் போய்விடும்.

யோபு

'பாவம் செய்தவனுக்குத் துன்பம்' என்று பைபிளின் யோபு நூலிலிருந்து எடுக்கும் வசனங்கள் பெரும்பாலும் அவருடைய நண்பர்கள் பேசியவை. 42-ம் அதிகாரத்தில் கடவுள் எலிப்பாசிடம், நீயும் உன் இரண்டு சிநேகிதரும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். பாளையங்கோட்டையில் பேசுவதாக இருந்தால் அதையும் வாசித்துவிட்டுப் போங்கள், முன்வரிசையில் வேதத்தோடு யாராவது உட்கார்ந்திருப்பார்.