ஒரு தொடுதலோடு டச் ஸ்கிரீன் உறைந்துவிட்டால்
லினக்ஸில் டச் டிரைவர் முதல் தொடுதலை எடுத்துக்கொண்டு அப்புறம் அசையவே இல்லையென்றால், சிப்பைச் சந்தேகிக்கும் முன் இன்டரப்ட் பின்னை, அதாவது தரவு தயார் என்று சிப் ப்ராசஸருக்குச் சொல்லும் பின்னை, பாருங்கள். மேக்ஸ்டச் போன்ற டச் சிப்கள், காத்திருக்கும் தரவு முழுவதையும் படித்து முடிக்கும்வரை அந்த லைனை லோவிலேயே பிடித்துவைக்கும். டிரைவர் ஃபாலிங் எட்ஜுக்காக (லைன் ஹையிலிருந்து லோவுக்கு இறங்கும் கணம்) காத்திருந்து ஒரே ஒரு எட்ஜைத் தவறவிட்டாலும் போதும், அடுத்தது வரவே வராது. போர்டின் வன்பொருளை லினக்ஸுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ட்ரிகர் வகையை லெவல்-லோ (லைன் லோவில் இருக்கும்வரை இன்டரப்ட்) என மாற்றுங்கள், த்ரெட்டட் ஹேண்ட்லருக்கு (இன்டரப்டைத் தனி த்ரெட்டில் கவனிக்கும் ஃபங்ஷன்) ஒன்ஷாட் கொடியைக் கொடுங்கள், அது வேலை முடியும்வரை அந்த இன்டரப்டை மூடிவைக்கும், ட்ரிகர் வகையை டிரைவர் நிரலுக்குள் எழுதிப் பூட்டாதீர்கள், ஏனென்றால் அது போர்டுக்குப் போர்டு மாறும்.

கூடிக்ஸ் சிப் என்றால் இன்னொன்று: ரீசெட்டின்போது சிப்பின் ஐ2சி முகவரியை (சிப்பும் ப்ராசஸரும் பேசும் பஸ்ஸில் அதன் எண்) தேர்ந்தெடுக்க இதே இன்டரப்ட் பின்னைத்தான் அவுட்புட்டாக ஓட்டுகிறோம், முடிந்ததும் மறக்காமல் இன்புட்டுக்குத் திருப்புங்கள். சரி, பலித்ததா? இன்டரப்டுகளை எண்ணிக் காட்டும் ப்ராக் இன்டரப்ட்ஸ் (/proc/interrupts) கோப்பில் ஒவ்வொரு தொடுதலுக்கும் எண்ணிக்கை ஏற வேண்டும், விரலை எடுத்ததும் நிற்க வேண்டும்.