மெசெஞ்சரில் மார்மன் மிஷனரி வந்தால் என்ன கேட்கலாம்

அமெரிக்காவில், அதிலும் யூட்டா, ஐடஹோ, அரிசோனா பக்கம் குடியிருந்தால் ஃபேஸ்புக்கில் இந்த மாதிரி விளம்பரம் எப்போதாவது கண்ணில் பட்டிருக்கும். இயேசுவின் படம், கீழே 'இலவசமாக ஒரு பைபிள் வேண்டுமா?' என்று ஒரு வரி. தபாலில் வரும் என்று நினைத்து முகவரியைக் கொடுப்போம், வாசலில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையுமாக மார்மன் சபையின் மிஷனரிகள், அதாவது மதத்தைப் பரப்ப வரும் இரண்டு பையன்கள், வந்து நிற்பார்கள். இல்லாவிட்டால் மெசெஞ்சரில் 'எல்டர்' என்றோ 'சிஸ்டர்' என்றோ பெயர் போட்ட ஒருவர் நலம் விசாரிப்பார்.

இதில் பொய் எங்கே என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பைபிள் உண்மையிலேயே இலவசம்தான். பார்க்க வேண்டியது, எதை எப்போது சொல்கிறார்கள் என்பதை. 'முதலில் பால், பிறகுதான் இறைச்சி', அதாவது எளிதானதை முதலில் சொல், கடினமானதைப் பிறகு சொல் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதியதிலிருந்து வந்தது. குழந்தைக்குச் சரி. கையெழுத்துப் போடப்போகும் பெரிய மனிதருக்கு மெனு கார்டு முழுசாக வேண்டும்.

முதல் கேள்வி: 'நீங்கள் மார்மன் சபையா?' அசட்டுக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. 2011-ல் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரிலேயே 'நான் ஒரு மார்மன்' என்று பெரிதாக விளம்பரம் வைத்தவர்கள் இவர்கள். 2018 அக்டோபரில் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் அந்தப் பெயரே வேண்டாம், 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றார். மார்மன் டாட் ஆர்க் என்ற தளமும் பெயர் மாறியது. தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பது அவர்கள் உரிமை. ஆனால் விளம்பரத்தைப் பார்க்கும் புதியவர் இதுவும் இன்னொரு கிறிஸ்தவ சபை என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. இவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று கத்தோலிக்க சபை 2001-ல் அறிவித்திருக்கிறது, வித்தியாசம் அவ்வளவு பெரியது. நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது நிபந்தனைகள். மிஷனரிகள் நடத்தும் முதல் பாடம் தொடங்கும் முன்பே இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: 'சேர்ந்தால் நான் எதையெல்லாம் விட வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், என் குடும்பத்துக்கு இதில் என்ன இடம்? மூன்றையும் இன்றைக்கே எழுதி அனுப்ப முடியுமா?' முழுப் பதில் என்றால் அதில் இவை இருக்க வேண்டும்: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மது, புகையிலையோடு காபியும் டீயும் கிடையாது (ஆமாம், ஃபில்டர் காபியும்தான், நம்மில் பாதிப் பேருக்குப் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்), திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது, ஞாயிறு ஆராதனை. இதையெல்லாம் ஏற்கிறீர்களா என்று ஞானஸ்நானத்துக்கு முன் ஒரு நேர்காணலில் கேட்பார்கள், ஆகவே கடைசி வரை மறைத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் நாலைந்து வாரம் பழகி, சாப்பிட்டு, நண்பர்களாகி, தேதியும் குறித்திருப்போம். அந்த நிலையில் 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

குடும்பத்தைப் பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஞாயிறு ஆராதனைக் கூடம் வேறு, முக்கியச் சடங்குகளுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் 'கோயில்' வேறு. கோயில் திருமணத்துக்கு உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டு உறுப்பினர்களுக்கு மட்டும், காணிக்கையும் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். அதாவது நாளைக்கு உங்கள் மகன் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டால், நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டால் அந்தச் சடங்கைப் பார்க்க முடியாது. 2019-லிருந்து பதிவுத் திருமணத்தை எல்லோர் முன்னாலும் செய்துவிட்டு, முன்பு போல ஒரு வருடம் காத்திராமல் கோயிலுக்குப் போகலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். அது நல்ல மாற்றம்தான், ஆனாலும் கோயில் கதவு அதே கதவுதான்.

வரலாற்றுக்கு ஒரு சின்ன உத்தி. விலகியவர்கள் எழுதியதைக் காட்டினால் 'எதிரிகள் எழுதியது' என்று பேச்சு திசை மாறிவிடும். அதனால் சபையின் சொந்தக் கட்டுரைகளையே கேளுங்கள். 2013 முதல் 2015 வரை அவர்கள் தளத்திலேயே சங்கடமான விஷயங்களைப் பற்றி வரிசையாகக் கட்டுரை போட்டார்கள். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்துக்கு முப்பதிலிருந்து நாற்பது மனைவிகள் இருந்திருக்கலாம், ஒருத்திக்கு பதினைந்து வயது முடியவே சில மாதம் பாக்கி என்பது அதில் இருக்கிறது. 1978 வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் (சபையில் சடங்கு நடத்தும் அதிகாரம்) மறுக்கப்பட்டதும் இருக்கிறது. 'இதைப் படித்திருக்கிறீர்களா, சேர்ந்து படிக்கலாமா?' என்று கேளுங்கள். 'சரி' என்று சொல்பவரோடு தாராளமாகப் பேசலாம். 'அதெல்லாம் அப்புறம், முதலில் ஜெபம் பண்ணிப் பாருங்கள்' என்றால் நிதானம் தேவை. தலைவர்களே நழுவியது உண்டு: கடவுள் ஒரு காலத்தில் மனிதனாக இருந்தார் என்று உங்கள் சபை போதிக்கிறதா என்று 1997-ல் டைம் பத்திரிகை கேட்டபோது, அப்படிப் போதிக்கிறோமா என்று தெரியவில்லை என்ற ரீதியில் பதில் சொன்னார் அன்றைய தலைவர் கார்டன் ஹிங்க்லி.

பணத்தைப் பற்றிக் கேட்க கூச்சப்பட வேண்டாம், கேட்பது பத்து சதவீதம். சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக், கையிருப்புப் பங்குகளின் அளவு வெளியே தெரியாமல் இருக்க ஷெல் கம்பெனிகளின் (பெயரளவுக்கு மட்டும் இருக்கும் நிறுவனங்களின்) பெயரில் கணக்குக் காட்டியது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2023 பிப்ரவரியில் சொன்னது. அந்த நிறுவனத்துக்கு 40 லட்சம் டாலர், சபைக்கு 10 லட்சம் டாலர் அபராதம். 'நேர்மையாக இருப்பதில் நம்பிக்கை கொள்கிறோம்' என்றுதான் அவர்களுடைய விசுவாசப் பிரமாணத்தின் பதின்மூன்றாவது வாக்கியம் தொடங்குகிறது. அதை அவர்களுக்கே மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

அப்புறம் உங்கள் தகவல். நீங்கள் பேசியது, எந்தப் பாடம் முடிந்தது என்பதெல்லாம் மிஷனரிகளின் செயலியில் ஏறும். சில வாரங்களில் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார், அடுத்து வருபவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹாய் சொல்வார். ஃபேமிலிசர்ச் தளமும் இந்தச் சபையுடையதுதான். இலவசம், வம்சாவளி தேட அருமையான இடம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் அவர்களுக்கு உண்டு, அதற்கான பெயர்கள் அந்தத் தளத்தில் நாம் ஏற்றும் குடும்ப மரத்திலிருந்துதான் போகின்றன. தாத்தா பெயரை ஏற்றும் முன் இது தெரிந்திருக்கட்டும்.

நீங்களும் நேர்மையாக இருங்கள். எதிரில் இருப்பது பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை, சொந்தக் காசிலோ வீட்டுக் காசிலோ வந்திருக்கிறது. பொழுதுபோக்குக்காக ஆர்வம் இருப்பது போல நடித்து இழுத்தடிக்காதீர்கள். வேண்டாம் என்றால் 'எனக்கு விருப்பமில்லை, இனி தொடர்புகொள்ள வேண்டாம் என்று செயலியில் குறித்துவிடுங்கள்' என்று ஒரே வரியில் அனுப்பிவிடுங்கள். அந்த வரியைப் போனில் சேமித்தும் வையுங்கள், அடுத்த ஜோடி வந்தால் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும்.