டியூபுலின் இழைகளைக் கரைத்த குளிர்

ராயபுரத்தில் எங்கள் ஆய்வகத்தில் ஹீலா செல்களுக்கு (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) டிஎம்1ஏ என்ற ஆன்டிபாடி போட்டோம். நுண்குழல்களைக் கட்டும் ஆல்ஃபா-டியூபுலின் புரதத்தில் ஒட்டி, அதைப் பச்சையாக ஒளிரக் காட்ட உதவுவது அது. பார்த்தால், செல்லின் சட்டகமான நுண்குழல் இழைகளே இல்லை. செல் முழுக்கப் பச்சைப் புகை.

மின்வெட்டில் ஆன்டிபாடி கெட்டிருக்கும் என்று புதுக் குப்பி திறந்தேன். அதே புகை. 1:1000 நீர்ப்புக்குப் பதில் அதிகச் செறிவாக 1:200 போட்டதில் புகை அடர்ந்ததுதான் மிச்சம். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பிளாக்கிங் நேரத்தைக் கூட்டியும் பயனில்லை.

துப்பு கொடுத்தவை பிரிந்துகொண்டிருந்த சில செல்கள். அவற்றில் குரோமோசோம்களைப் பிடித்திருந்த நுண்குழல் கட்டுகள் மட்டும் பளிச்சென்று நின்றன. அப்படியென்றால் ஆன்டிபாடி வேலை செய்கிறது! அதே கவர்ஸ்லிப்பில் (செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடி) ஃபலாய்டின் சாயம் காட்டிய, ஆக்டின் என்ற வேறொரு புரதத்தின் இழைகளும் முழுசாக இருந்தன. இவை இரண்டும் குளிரைத் தாங்கும். மற்ற நுண்குழல்களில் பெரும்பாலானவை தாங்காது; கரைந்து டியூபுலின் செல் முழுக்கப் பரவிவிடும், அதுதான் அந்தப் புகை. இங்கே வெயிலுக்குப் பயந்து பிபிஎஸ் (செல்களைக் கழுவும் உப்புக் கரைசல்), ஃபிக்ஸேட்டிவ் (செல்களை இருந்தபடியே நிலைநிறுத்தும் திரவம்) எல்லாம் 4 டிகிரி ஃப்ரிட்ஜில்தான். செல்களை ஐஸ் மேல் வைத்துக் கழுவுவதும் இங்கே வழக்கம்.

சரி என்று ஐஸை விட்டுவிட்டு, பிபிஎஸ்ஸையும் ஃபிக்ஸேட்டிவான 4% பாராஃபார்மால்டிஹைடையும் 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து, வெதுவெதுப்பாகவே ஊற்றினேன். மையத்திலிருந்து ஓரம்வரை இழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அப்பாடா! போட்டது பழைய குப்பிதான், அதே 1:1000.